மறந்துபோன பின்னம்

எனக்குப் பதினான்கு வயதானபோது, முக்காலை ஐந்தில் இரண்டால் வகுக்கத் தெரியாததால் என் படிப்பே நின்றுபோக இருந்தது. தெரியாததால் என்று சொல்வதும் சரியில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் நன்றாகத் தெரிந்திருந்தது. பரீட்சையில் முழுப் புள்ளியும் வாங்கியிருந்தேன். பிறகு அட்சரகணிதம் வந்தது, கேத்திரகணிதம் வந்தது. வந்தவற்றுக்கு இடம் விட்டுப் பின்னம் சத்தமில்லாமல் எழுந்து போய்விட்டது.

அந்த வருடம் புதிதாக வந்த கணக்கு டீச்சர் பழைய பாடங்களிலிருந்து ஒவ்வொருத்தியாகக் கரும்பலகைக்கு அழைத்தார். என் முறைக்கு இந்தப் பின்னக் கணக்கு வந்தது. வெண்கட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர ஒரு கோடுகூட விழவில்லை.

“இதைப் படிச்ச வகுப்பில ஒரு கிழமை இருந்து படிச்சிற்று வா” என்றார் டீச்சர்.

அந்த வகுப்பில்தான் என் தங்கச்சி இருந்தாள்.

வெட்கத்தை விடப் பயம்தான் பெரிதாக இருந்தது. பெரியபிள்ளையான பிறகும் என்னைப் பள்ளிக்கு அனுப்புவதைச் சொந்தக்காரர் எவரும் விரும்பவில்லை. அப்பா மட்டும் பிடிவாதமாக நின்றார். ஆனால் அவரும் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்.

“ஒழுங்கா வகுப்பேறினாப் படி. இறக்கினாங்க எண்டு கேள்விப்பட்டா, அடுத்த நாள் வீட்டிலதான்.”

அப்பா சொன்னால் சொன்னதுதான். மறுநாள் காலை நாவற்குடாவிலிருந்து தங்கச்சியும் நானும் மாட்டுக் கரத்தையில் போனோம். பாலத்தில் ஏறியதும் இரு பக்கமும் வாவித் தண்ணீர் அசையாமல் கிடந்தது. மாடு காலிடறி விழுந்தால் நல்லது, பள்ளிக்குப் போகவேண்டியிராது என்று நினைத்தேன். அது ஒருநாளும் இல்லாத சுறுசுறுப்போடு நடந்தது.

தங்கச்சி இருந்த வாங்குப் பலகையிலேயே என்னையும் இருத்தினார்கள். நான் நெட்டை, முழங்கால் மேசைக்குள் அடங்கவில்லை. அந்த வகுப்பு டீச்சர் அதே கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

“இந்தப் பிள்ளையள் எல்லாரும் சரியாச் செய்து, நீ மட்டும் பிழையெண்டா, அப்பாவுக்குக் கடிதம் எழுதத்தான் வேணும்.”

ஒரு பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்குவது என்பது வரை நினைவுக்கு வந்தது. எந்தப் பின்னத்தை? முதலாவதைக் கவிழ்த்தேன். பதினைந்தில் எட்டு என்று வந்தது. நான் எழுதி முடித்தபோது, எனக்கு முன்பே பென்சிலை வைத்துவிட்டிருந்த தங்கச்சி அழிறப்பரால் எதையோ அழித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தடுமாற்றம்தான் என்று எண்ணியபோது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

டீச்சர் கொப்பிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் வாங்கில் நின்றார். என் கொப்பியிலும் பதினைந்தில் எட்டு. அவள் கொப்பியிலும் பதினைந்தில் எட்டு.

“நீயுமா?” என்றார் தங்கச்சியிடம். வகுப்பில் முதலாம் பிள்ளை அவள்.

இருவருக்கும் வலது உள்ளங்கையில் மர அடிமட்டத்தால் இரண்டிரண்டு அடி விழுந்தது. கடிதப் பேச்சை டீச்சர் எடுக்கவில்லை.

திரும்பும்போது கரத்தையில் அவள் கையைப் பாவாடையில் ஒற்றிக்கொண்டே வந்தாள்.

“உனக்கும் மறந்து போச்சா புள்ள?” என்று கேட்டேன்.

“ஓம் அக்கா.”

“பழைய கணக்கை நாளுக்கொருக்காச் செய்து பார்க்க வேணும். இல்லாட்டி இப்பிடித்தான்.” மூத்தவள் அல்லவா, புத்தி சொன்னேன்.

அவள் தலையாட்டினாள். பாலம் கடந்ததும் மெல்லச் சொன்னாள்.

“ரெண்டாவதைத்தான் திருப்ப வேணும் அக்கா. மறுகா பெருக்கிறது. ஒண்டும் எட்டில் ஏழும் வரும்.”

அடுத்த நாள் சரியாகச் செய்தேன். அந்தக் கிழமை முழுக்கத் தசமம், விகிதம் என்று ஒவ்வொன்றாக என்னோடு இருந்து செய்தாள். திங்கட்கிழமை என் வகுப்புக்குத் திரும்பிப் போனேன். அப்பாவுக்கு எதுவும் தெரியவரவில்லை.

காலையில் தெரியாத கணக்கு வீடு வந்து சேருமுன் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. எனக்குத் தெரியாதது அவளுக்கும் தெரியவில்லை என்ற சந்தோசத்தில், அடி வாங்கிய அன்று நன்றாகச் சாப்பிட்டேன். அவள் இடக்கையால் சாப்பிடப் போய் அம்மாவிடம் ஏச்சு வாங்கினாள்.