களிம்பு டப்பாவுக்கு ஒரு பெட்டி

என் அக்காவின் குதிகாலிலிருந்து ஆரம்பிக்கிறேன். முகம் சுளிப்பவர்கள் இப்போதே சுளித்துக்கொள்ளலாம். இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் ஈரத் தரையில் நின்ற கால் அது. தோல் தடித்து, மஞ்சள் பாரித்து, வரிவரியாக வெடித்திருக்கும். குளிர் நாளில் வெடிப்புக்குள் ரத்தம் தெரியும். எனக்கும் அதே கால்தான், ஆறு வருடம் குறைவு, அவ்வளவுதான். எங்கள் கூடத்தில் பதினோரு பெண்கள், பதினோரு பேருக்கும் இதே கதி. ரப்பர் பூட்ஸ் கொடுக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அதற்குள்ளும் தண்ணீர் போய்விடும். போன தண்ணீர் வெளியே வராது.

நாங்களெல்லாம் வலியைத் திட்டிக்கொண்டிருந்தபோது அக்கா களிம்பு காய்ச்சினாள். தேன்மெழுகு, எண்ணெய், மரப்பிசின், இன்னும் இரண்டு சாமான். அந்த இரண்டு என்னவென்று எனக்கே சொல்ல மாட்டாள். கூடப்பிறந்தவள் என்ற மரியாதைகூடக் கிடையாது. ஐந்தாறு வருடம் தன் காலிலேயே போட்டுப் பார்த்துப் பக்குவம் பிடித்தாள். பார்க்கச் சகிக்காது. பழுப்பு நிறம், வண்டி மசகு மாதிரி கெட்டி. வாசனை என்றும் சொல்ல முடியாது, நாற்றம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் ரத்தம் கசியும் வெடிப்பில் வைத்தாலும் எரியாது. அக்காவின் பெருமையெல்லாம் அதில்தான்.

"திறந்த புண்ணுல எரியக்கூடாதுடி. எரிஞ்சா அது மருந்தில்ல, தண்டனை" என்பாள்.

பழைய டப்பாக்களைக் கழுவி, அதில் அடைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாள். போன வருடம் முட்டியைப் பார்த்த டாக்டர், நின்று செய்கிற வேலை இனி வெகுநாள் தாங்காது என்று சொல்லிவிட்டார். உட்கார்ந்து செய்கிற வேலை அக்காவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் மருந்துக்கடைக்காரரிடம் போய்க் கேட்டாள்.

"எங்க வீட்லயும் உங்க களிம்புதாங்க்கா. ஆனா பேரில்லாத டப்பாவ நான் அலமாரியில வைக்க முடியாது. பேரு, உள்ள என்ன இருக்கு, என்னைக்குச் செஞ்சது, எல்லாம் போட்டு ஒழுங்கா ஒரு பெட்டியில குடுங்க. முன் வரிசையிலயே வைக்கிறேன்" என்றார் அவர்.

அன்றிலிருந்து அக்காவுக்குப் பெட்டிப் பைத்தியம் பிடித்தது. சோப்புப் பெட்டி, பற்பசைப் பெட்டி, எது கையில் கிடைத்தாலும் பிரித்து விரித்து, திரும்ப மடித்துப் பார்ப்பாள்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார்கள் ஐந்து பேர். டிசைன் கல்லூரியில் கடைசி வருடமாம். பேரில்லாத ஒரு பொருளை எடுத்து, அதற்குப் பேர் வைத்து, சின்னம் வரைந்து, பெட்டி செய்ய வேண்டும். குழுவாகச் செய்ய வேண்டும், கல்லூரியில் அதற்கொரு போட்டி. அந்த ஐவரில் ஒரு பெண்ணின் சித்தி எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வழியில் அக்காவின் களிம்பு அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது. அந்தப் பெண் எப்போதும் கொண்டையில் பென்சிலைச் செருகியிருப்பாள், அதனால் எனக்கு அவள் பென்சில். பேசியே வேலை வாங்குகிற பையன் ஒருவன், அவனுக்கு நான் வைத்த பேர் மேனேஜர். மீதி மூன்று பேர் போனைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள், போனைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

சலவைக்கூடத்துக்குள் கால் வைத்ததும் ஐந்து பேரும் மூக்கைப் பொத்தினார்கள். அதில் எனக்குக் கோபமில்லை, புதிதாக வருபவர்கள் அப்படித்தான். மேனேஜர் மூக்கிலிருந்து கையை எடுத்து, "சூப்பர் இடம் ஆன்ட்டி! இப்படி ஒரு பின்னணி செட்டு போட்டாலும் கிடைக்காது" என்றான். அழுக்கு விரிப்புகள் குவிந்திருந்த மூலையில் அக்காவை நிறுத்திவைத்து போட்டோ எடுத்தான். அக்கா சிரித்தாள்.

"சிரிக்காதீங்க ஆன்ட்டி. கொஞ்சம் சோகமா பாருங்க."

ரத்தமும் சீழும் வாந்தியும் படிந்த விரிப்புகளைக் கணக்கில்லாமல் உதறிப் போட்டவள் நான். ஒரு நாளும் எனக்கு ஓங்கரித்ததில்லை. துணி என்ன பாவம் செய்தது? அவன் அப்படிச் சொன்னதும் அக்கா சிரிப்பை விழுங்கிக்கொண்டு சோகமாகப் பார்த்தாள் பாருங்கள், அப்போதுதான் எனக்குக் குமட்டியது. பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார்கள். போட்டோவைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதியாம், காலேஜ் வழக்கமாம். அக்கா கையெழுத்துப் போட்டாள்.

அதன்பிறகு மூன்று வாரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை அவர்களுடையது. சுவர் முழுக்கக் கலர் கலராகச் சீட்டு ஒட்டினார்கள். பிய்க்கும்போது சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. பென்சில் ஒரு படம் வரைந்தாள்: அகன்ற வாயுள்ள தட்டையான டப்பா, மூடியில் ஒரு பாதம், கீழே "ஈரத்தில் நிற்கும் கால்களுக்கு" என்று ஒரு வரி. அக்கா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இதான்மா. இதேதான்" என்றாள்.

"பாதமா?" என்றான் மேனேஜர். "பாதத்தப் பாத்தா யாரு ஆன்ட்டி வாங்குவா? பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. நாம இத கைக்குப் போடறதா மாத்துறோம். வெள்ளைக் கண்ணாடி பாட்டில், மேல தங்கக் கலர் பம்ப். அழுத்துனா வரணும்."

"இது கெட்டி தம்பி. அந்தக் குழாய்ல ஏறாதே."

"அத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல லுக்கு."

ஓட்டுக்கு விட்டார்கள். நாலுக்கு ஒன்று. பென்சில் தன் படத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு வாய் துறுதுறுத்தது. அக்கா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். காரணம் இருந்தது. போட்டிக்கு க்ரீம், லோஷன் விற்கிற ஒரு கம்பெனிக்காரர் நடுவராக வருகிறார், முதல் பரிசு வாங்கினால் ஐநூறு பெட்டி அச்சடித்துத் தருவார் என்று மேனேஜர் அவளிடம் சொல்லியிருந்தான். மருந்துக்கடைக்காரரின் முன் வரிசைக்கு அந்த ஐநூறு போதும்.

வேலை முழுக்கச் செய்தது பென்சில் மட்டும்தான். அட்டையை வெட்டுவாள், மடிப்பாள், கால் மில்லிமீட்டர் பிசகினால் கிழித்துப் போட்டு மறுபடி வெட்டுவாள். விரலெல்லாம் பிளேடு கீறல். அக்கா அதிலும் களிம்பு வைத்துவிடுவாள். மற்ற நாலு பேரும் வந்து, "செம்ம!" என்று சொல்லிவிட்டு, இருந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போவார்கள்.

போட்டி நாளில் எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா காலுறை போட்டு, மூடிய செருப்பு போட்டுக்கொண்டு வந்தாள். பெரிய அரங்கம். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தோம், எங்களுக்கு முன்னால் பென்சில். மேடையில் பேசியது மேனேஜர்தான், வேறு யார்? பெட்டி அழகாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வெள்ளை அட்டை, மெல்லிய தங்க எழுத்து. பின்பக்கம் அக்காவின் சோக முகம். கீழே, மலையடிவாரத்துக் குடிசையில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட ரகசியம் என்று எழுதியிருந்ததை அவன் உருகி உருகிப் படித்தான். நாங்கள் இருப்பது லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. எங்கள் அப்பா பஸ் ஓட்டினார். மலையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறோம்.

கம்பெனிக்காரர் பாட்டிலை எடுத்து அழுத்தினார். வெள்ளை வெளேரென்று ஒரு சொட்டு விழுந்தது. புறங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்தார். பூ வாசனை எங்கள் வரிசை வரை வந்தது.

அக்கா என் கையைப் பிடித்தாள். "இது என்னுது இல்லடி."

நான் குனிந்து பென்சிலின் காதில் கேட்டேன். அவள் திரும்பாமலே முணுமுணுத்தாள். "டம்மி ஆன்ட்டி. களிம்பு பம்புல ஏறல. கடையில லோஷன் வாங்கி ஊத்துனாங்க. எல்லா டீமும் அப்படித்தான் செய்வோம். பெட்டியத்தான் பாப்பாங்க, உள்ள இருக்கறத யாரும் தொட மாட்டாங்கன்னு நெனச்சோம்."

"அருமையா இருக்கே, இதுதான் அந்தக் களிம்பா?" என்று கேட்டார் கம்பெனிக்காரர்.

கூசாமல் சொன்னான் மேனேஜர். "ஆமா சார். இந்த அம்மா தன் கையால செஞ்சது." அக்காவைக் கைகாட்டினான். அரங்கமே திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. அக்கா எழுந்து நின்றாள். ஐநூறு பெட்டி அவள் வாயை அடைத்திருந்தது. என் வாயையும்தான். என்னை நினைத்தே எனக்கு அன்று காறித் துப்பத் தோன்றியது.

அடுத்து நடுவராக இருந்த பேராசிரியர் அம்மா பாட்டிலை வாங்கினார். வயதானவர். "எனக்குக் குதிகால்ல வெடிப்பு, ரத்தமே வருது" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்து, பம்பின் மேல் விரலை வைத்தார்.

"வேண்டாம்மா!"

அது அக்காவின் குரல் என்று எனக்கே ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. வலிக்கிற முட்டியோடு படியேறி மேடைக்குப் போய்விட்டாள். "போடாதீங்கம்மா. அது நான் செஞ்சதில்ல. வாசனை கலந்தது, திறந்த வெடிப்புல பட்டா உயிர் போற மாதிரி எரியும்." பையிலிருந்து பழைய டப்பாவை எடுத்துத் திறந்து கொடுத்தாள். முன்வரிசையில் யாரோ "ச்சீ" என்றார்கள். பேராசிரியர் அம்மா தயங்கித் தயங்கி ஒரு விரல் எடுத்துத் தடவினார். "அட, எரியலையே" என்றார்.

பெட்டி போச்சு என்றுதான் நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். திரும்பி வந்து உட்கார்ந்தவள் கைகள் இரண்டையும் மடியில் கோத்துக்கொண்டாள். நடுவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். பிறகு கம்பெனிக்காரர் மைக்கைப் பிடித்தார். உள்ளே இருக்கும் பொருளுக்கு மதிப்பெண் கிடையாது, வடிவமைப்புக்குத்தான் மதிப்பெண், ஆகவே முதல் பரிசு இவர்களுக்கே என்றார். அக்காவின் களிம்பைக் காலில் பூசிக்கொண்டே அந்தப் பேராசிரியர் அம்மாவும் கை தட்டினார். உண்மையைச் சொன்னதற்கு ஒரு திட்டாவது விழும் என்று பார்த்தால், அதுகூட விழவில்லை. சொன்னதும் ஒன்றுதான், சொல்லாததும் ஒன்றுதான்.

ஆனால் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப பெட்டி வரும்ல தம்பி?"

"கண்டிப்பா ஆன்ட்டி. நானே போன் பண்றேன்" என்றான் மேனேஜர். பரிசு வாங்கிய போட்டோவில் பென்சில் மட்டும் நிற்கவில்லை.

போன் வரவில்லை. அக்கா வீட்டு அலமாரியைக் காலி செய்து துடைத்து வைத்தாள். இரண்டு பெரிய பாத்திரம் நிறையக் களிம்பு காய்ச்சினாள். மருந்துக்கடைக்காரரைப் பார்க்கும்போதெல்லாம் "வந்துக்கிட்டே இருக்கு" என்பாள். நான் மேனேஜருக்குப் பத்து தடவை போன் போட்டேன். எடுத்தால்தானே?

நாலு மாதம் கழித்து ஒரு காலை, வேலை தொடங்குகிற நேரம். இஸ்திரிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண், பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். இரண்டு குதிகாலும் செக்கச்செவேலென்று வீங்கியிருந்தன. அழுது கண்ணும் வீங்கியிருந்தது. கையிலிருந்த வெள்ளைப் பெட்டியை அக்காவின் முன்னால் எறிந்தாள்.

"நீங்க சொன்ன பெட்டி வந்துடுச்சுன்னு நம்ம மருந்துக்கடையில முன் வரிசையில வச்சிருந்தாங்க. உங்க போட்டோ இருக்கேன்னு நம்பி வாங்கிப் போட்டேங்க்கா. நெருப்பு வச்ச மாதிரி எரியுது. ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க?"

பெட்டியைத் திருப்பினேன். அதே வெள்ளை, அதே தங்க எழுத்து. கம்பெனியின் பேர் கீழே சின்னதாக இருந்தது. கம்பெனிக்காரர் பெட்டியை எடுத்துக்கொண்டு அதில் தன் லோஷனை ஊற்றி விற்கிறார். பின்பக்கம் அழுக்கு விரிப்புகளுக்கு முன்னால் என் அக்கா சோகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையெழுத்துப் போட்ட காகிதம் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்தப் பையனும் அந்தக் கம்பெனிக்காரரும் எதிரே இருந்திருந்தால், கழுவாத விரிப்பை முகத்தில் அமுக்கியிருப்பேன்.

அக்கா ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். நல்ல தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அந்தப் பெண்ணின் கால்களைக் கழுவினாள், ஒற்றித் துடைத்தாள், தன் டப்பாவைத் திறந்து ஒவ்வொரு வெடிப்பிலும் வைத்தாள். அந்தப் பெண்ணின் அழுகை மெல்ல நின்றது.

"மன்னிச்சிடும்மா" என்றாள் அக்கா.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏமாத்துனவன் எங்கயோ சொகுசா இருக்கான். நீ எதுக்குடி மன்னிப்புக் கேக்குற?" என்று கத்தினேன். மரியாதை பார்க்கிற நிலையில் நான் இல்லை.

அக்கா தலையைத் தூக்கவில்லை. அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இவ அவன நம்பியா போட்டுக்கிட்டா? என் மூஞ்சியப் பாத்துத்தானே போட்டுக்கிட்டா" என்றாள்.