கடலோரக் காற்றில் நூற்றுப் பதினெட்டு

பண்டாரவளையில் நான் எஞ்சின் பலத்தை அளக்கும் டைனோ மெஷின் ஓட்டிய கராஜுக்குள் மத்தியானம் தாண்டினால் பனிமூட்டம் அழையாத விருந்தாளியாக வந்து உட்கார்ந்துவிடும். மெஷினின் ரோலர்மேல் சக்கரங்கள் சுற்றும். வண்டி நின்ற இடத்திலேயே எங்கோ வெகுதூரம் போய்க்கொண்டிருக்கும். இத்தனை வருஷமாகியும் எனக்கு அது பாதிக் கனவுதான்.

அப்படி ஒரு மத்தியானம் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துச் சந்திரன் தன் வேனைக் கொண்டுவந்தான். அவசரத்துக்கு லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டத்து ஆட்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் வேன். எஞ்சினைப் புதிதாகக் கட்டியவன் அவன் மச்சான் ரவி. பெரிய கேம் ஷாஃப்ட், அகலமான கார்பரேட்டர், எல்லாம் ரேஸ் சாமான்.

ஓட்டினோம். திரையில் 118 ஹோர்ஸ்பவர்.

"பழைய எஞ்சின் எம்பதுதாண்ணே குடுத்துச்சு!" ரவி துள்ளினான்.

கழற்றுமுன் பழைய எஞ்சினையும் நான்தான் ஓட்டிப் பார்த்திருந்தேன். இரண்டு எஞ்சினின் பவர் கோடுகளையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன்.

"தம்பி, இந்த மெஷின் எல்லா எஞ்சினும் கடலோரத்துல நிக்கிறதா நெனச்சிக்கிட்டுத்தான் கணக்கு சொல்லும். மலையில காத்து லேசு. இங்க நெசமா வர்றது நூத்திமூணுதான்."

"அப்பவும் கூடத்தானே?"

"அது ஆறாயிரம் ஆர்பிஎம்ல, எஞ்சின் கத்திக்கிட்டுச் சுத்துறப்ப. ஆள ஏத்திக்கிட்டு ஒங்க தோட்டத்து ரோட்டு வளைவுல ஏறுறப்ப எஞ்சின் ரெண்டாயிரத்துலதான் கெடக்கும். அந்த எடத்துல பாரு, பழச விடக் கீழ இருக்கு."

ரவி வெளியே போய்ப் பனியில் நின்றான். சந்திரன் மெல்லச் சொன்னான்:

"போன மழக்காலத்துல கோயிலடி வளைவுல வண்டி இழுக்க மாட்டாம நின்னுபோச்சுண்ணே. உள்ள பிரசவ வலியோட என் தங்கச்சி. ரவி பொண்டாட்டிதான். புள்ள தங்கல. அன்னையிலருந்து பவரு பவருன்னு ஒரே பேச்சு."

அந்த நம்பரைப் பார்த்து அவன் ஏன் அப்படித் துள்ளினான் என்று அப்போதுதான் விளங்கியது. வெளியே போய் அவன் தோளில் கை வைத்தேன்.

"நீ கட்டுன எஞ்சின் நல்ல எஞ்சின். கேமும் கார்பரேட்டரும் மட்டும் பழசப் போடு."

"நம்பர் கொறஞ்சிருமேண்ணே?"

"கொறையட்டும். வளைவுல இழுக்கும்."

மாற்றிக்கொண்டு வந்தான். உச்சம் 91. ஆனால் இரண்டாயிரத்திலேயே கோடு பழையதைத் தாண்டி எழுந்தது. ரவி உச்சியைப் பார்க்கவே இல்லை. திரையின் இடது ஓரத்தில், இரண்டாயிரத்துக்கு நேரே வைத்த விரலை அவன் வெகுநேரம் எடுக்கவில்லை.

அடுத்த மழையில் லயத்துப் பெண் ஒருத்தியைப் பிரசவத்துக்கு ஏற்றிப்போனார்கள். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ரவி போன் பண்ணினான்.

"எங்கயும் நிக்கலண்ணே."

இப்போது எஞ்சின் கட்டும் இளைய டியூனர்கள் டைனோ கிராஃபைக் கொண்டுவந்து, "எப்படிண்ணே நம்பர்?" என்பார்கள். எந்த ரோட்டில் ஓடும், உள்ளே யார் இருப்பார்கள் என்று கேட்காமல் நான் அதைக் கையில் வாங்குவதில்லை.