கதை கேட்டு இறங்க மறந்த அக்கா

காலையில் போடிமெட்டு தாண்டிப் போகும் ஜீப்பில் நானும் நண்பன் குமாரும். எந்த வீடியோ கேமைப் படமாக எடுத்தால் ஓடும் என்று எங்களுக்குள் சண்டை.

"சுட்டுக்கிட்டே இருந்தாப் படமாயிருமாடா? கதை வேணும்" என்று, நான் இப்போது விளையாடும் கேமின் கதையை எடுத்துவிட்டேன். வெள்ளத்தில் ஊரே போன பிறகு, ஒரு லாரி டிரைவர் யார் பெற்ற பிள்ளையையோ மலை தாண்டி அதன் அம்மாவிடம் சேர்க்க வேண்டும்.

கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு திருப்பம் வைத்துச் சொன்னேன். டிரைவர் பாட்டை நிறுத்தினார். ஏலக்காய் எடுக்கப் போகும் அக்காமார் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார்கள்.

குரல் கொடுத்தால்தான் அந்த ஜீப்பு நிற்கும். யாரும் கொடுக்கவில்லை.

"ஆத்தீ! என் தோட்டம் தாண்டிப் போச்சே! அண்ணே, நிப்பாட்டுங்க!" என்று திடீரென ஓர் அக்கா அலறினார். பிந்திப் போனால் இன்றைக்கு அவருக்கு வேலை கிடையாது.

"என்னாலதான்க்கா, மன்னிச்சிருங்க" என்றேன்.

கீழே இறங்கியவர் கம்பியை விடவில்லை. "அது கெடக்கட்டும் தம்பி. வெரசாச் சொல்லு, அந்தப் பிள்ள ஆத்தாகிட்டப் போய்ச் சேந்துச்சா?"

"சேந்துருச்சுக்கா."

சிரித்துவிட்டு, வந்த வழியே ஓடினார்.

உண்மையில் கேமில் அந்தச் சிறுமி பிழைப்பது விளையாடுபவர் கையில். என் கையில் ஒவ்வொரு முறையும் ஆற்றோடு போய்விடுகிறாள்.

யாராவது அவளைக் கரைசேர்த்திருந்தால் வழி சொல்லுங்கள். நாளைக்கும் அதே ஜீப்புதான். அந்த அக்கா முகத்தில் நான் முழிக்க வேண்டும்.