உப்புத் திருடன்

அமெரிக்க நகரமான சான் ரமோனில் குமாரசாமி அளவுக்கு உப்பை ஒதுக்கியவர் யாரும் இருக்க முடியாது. அதை நம்பத்தான் ஆளில்லை! மென்பொருள் எழுதுகிற பரம சாது. நாற்பது வயதில் வந்த ரத்த அழுத்தமோ, மூன்று மாத்திரை போட்டும் இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. மாலையில் அவர் வீடு வந்ததும் மனைவி யாமினி காருக்குள் சிப்ஸ் பாக்கெட் தேடுவாள்.

"உண்மையைச் சொல்லுங்க, ஆபீஸ்ல என்ன சாப்பிட்டீங்க?"

"சத்தியமா நீ குடுத்த தயிர்சாதம்தான், யாமினி."

"அப்புறம் எப்படி பிபி ஏறும்? காத்துல ஏறுமா?"

அவருக்கு அழுகையே வரும். கட்டினவளே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள்?

புதிதாகப் பார்க்கப் போன டாக்டர் பர்வின் உப்புப் பேச்சையே எடுக்கவில்லை.

"கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குமா?"

"ஐயோ, ஆமாம் டாக்டர்! ட்ரைவ் பண்றப்பகூட!"

பர்வின் பழைய ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்தார். "பொட்டாசியம் எப்பவுமே கம்மி. மூணு மாத்திரைக்கும் பிபி அடங்கல. கிட்னிக்கு மேல ஒரு சின்ன சுரப்பி இருக்கு. அது அல்டோஸ்டிரோன்னு ஒரு ஹார்மோனை அளவுக்கு மேல கொட்டினா, உடம்பு உப்பை வெளியே விடாம பிடிச்சு வச்சுக்கும், பிபி ஏறும்; பொட்டாசியம் வெளியே போயிடும், அதான் கால் இழுக்குது. டெஸ்ட் பண்ணிடலாம்."

அடுத்த வாரம், குமாரசாமி அலுவலக பார்க்கிங்கில் இருந்தபோது பர்வின் போனில் அழைத்தார். சந்தேகம் சரிதான். அந்த ஹார்மோன் எக்கச்சக்கம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஆபரேஷனா, இதற்கென்றே உள்ள மாத்திரையா என்று முடிவு செய்யலாம் என்றார். குமாரசாமி துள்ளிக் குதித்தார். வியாதி வந்ததற்கு இப்படிக் கூத்தாடும் மனிதரை யார் கண்டார்கள்! உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

"யாமினி! எனக்கு வியாதி இருக்கு!"

"ஐயையோ, என்னங்க?"

"ஹார்மோன் வியாதி! மருந்து இருக்கு, சரியாயிடும்! நான் திருட்டுத்தனமா எதுவும் சாப்பிடல. இப்பவாவது நம்புறியா?"

மறுமுனையில் விசும்பல் கேட்டது.

"சாரிங்க. நான் இங்க உப்பில்லாம சாப்பிடறேன், நீங்க அங்க சிப்ஸ் சாப்பிடறீங்களேன்னு எனக்கு ஆத்திரம்."

"நீ எதுக்கு உப்பில்லாம சாப்பிடற?"

"உங்களை வச்சுக்கிட்டு நான் மட்டும் எப்படிப் போட்டுக்கறது?"

அவள் தன் தட்டில் தனியாக உப்புப் போட்டுக்கொள்வாள் என்றே குமாரசாமி இத்தனை வருடமும் நினைத்திருந்தார். ஒருநாள்கூட அவர் கேட்டதில்லை.