தாளிப்பனங் கொட்டையில் ஒரு கீறல்

என் எழுதுமேசையில், மைக்கூட்டுக்கு வலப்புறம், ஒரு தாளிப்பனங் கொட்டை இருக்கிறது. எலுமிச்சங்காய் அளவு, ஏறக்குறைய உருண்டை, கருமண்ணிறம். அதன் மேல் பாக்குவெட்டி வழுக்கிய கீறல் ஒன்று உண்டு, ஒரு நெல்லின் நீளத்துக்கு. மேசையைத் துடைப்பவர்களிடம் அதை நகர்த்த வேண்டாமென்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தந்தவர் என் சின்னையா, அப்பாவின் தம்பி. கண்டிப் பக்கத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர். கடையை மூடிவிட்டு ஊர்காவற்றுறைத் தீவுக்குத் திரும்பியபோது ஒரு தகரப்பெட்டியும், சீலைப்பை நிறையத் தாளிப்பனங் கொட்டைகளும் கொண்டுவந்தார். தீவில் இல்லாத மரத்தை நட்டுக் காட்டுவதாகச் சபதம். நான் அப்போது துறைமுகச் சுங்கக் கொட்டிலில் கிளாக்கர். எதையும் பார்த்து எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு இருந்ததால் சின்னையா சொன்ன அடையாளங்களையும் நாட்குறிப்பில் ஏற்றினேன். ஈச்சங்கொட்டை நீளம், ஒரு பக்கம் முழுவதும் பள்ளம். கித்துள்பனை விதை ஒரு பக்கம் தட்டை, ஏனென்றால் பழத்துக்குள் இரண்டு ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. பனங்கொட்டையைத் தும்பு நார் காட்டிக்கொடுக்கும். பாக்கும் தாளியும் மட்டும் சேறு பட்டால் வெளிப்பார்வைக்கு ஏமாற்றும், வெட்டினால்தான் தெரியும். பாக்கின் உள்ளே மண்ணிற நரம்புகள் ஓடும். தாளி யானைத் தந்தம்போல வெள்ளை, வெட்டுவதும் கடினம்.

சின்னையாவுக்கு வாய் சும்மா இராது. கரையில் மீன்வாடிக்குப் போய், வாடி முதலாளியான சம்மாட்டியாரைச் சீண்டுவார். சம்மாட்டியாருக்கு ஆழமில்லாக் கடலில் தடி நட்டு வலை கட்டிய களங்கண்டிகள் நான்கு இருந்தன. “நீர் ஏன் சம்மாட்டியார் தடி நட்டுச் சாகிறீர்? மலையிலை இருக்கிறவன் இந்தத் தாளியின்ரை பச்சைக் காயை இடிச்சு ஓடையிலை விட்டிட்டு, மிதக்கிற மீனைக் கூடையாலை அள்ளுறான்” என்று ஒருநாள் சொன்னாராம். எல்லோரும் சிரித்தார்கள். சம்மாட்டியாரும் சிரித்தாராம்.

காற்று அடங்கி வெயில் கொதித்த ஒரு கிழமையில் சம்மாட்டியாரின் பெரிய களங்கண்டியில் மீன் முழுவதும் செத்து மிதந்தது. வற்றுநீரில் இறங்கிப் பார்த்தவர்களுக்கு வலையடியில் சேறு அப்பிய உருண்டைக் கொட்டைகள் அகப்பட்டன. அவர்கள் நேரே சின்னையாவிடம் போகவில்லை. முதலில் என்னிடம் வந்தார்கள். இதை நான் மறப்பதில்லை.

எட்டுப் பேர் இருக்கும். எல்லோருடைய கொடுப்பிலும் வெற்றிலை. சம்மாட்டியார் ஒரு பிடி கொட்டையை என் மேசையில் கொட்டினார். சின்னையாவின் கொட்டை அன்றும் மைக்கூட்டுக்கு அருகில்தான் இருந்தது.

“கிளாக்கர், நீர் படிச்சனீர். இது உம்மடை சின்னையாவின்ரை கொட்டையோ இல்லையோ, ஒரு சொல்லிலை சொல்லும்.”

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். களங்கண்டிக் கொட்டைகள் கொஞ்சம் சிறியவை, அடி கொஞ்சம் தட்டை. ஆனால் சேறு அப்பியிருந்தது. தெரியாததைத் தெரியும் என்று சொல்வது என் இயல்பல்ல. “வெட்டிப் பாக்காமல் சொல்ல ஏலாது” என்றேன்.

“சொந்தக்காரன் எண்டு இழுக்கிறார். இனி ஆரைக் கேக்கிறது?” என்றான் பின்னால் நின்ற ஒருவன். சின்னையா அந்நேரம் இருக்கும் கரைப் பக்கமாக அவர்கள் போய்விட்டார்கள்.

பாக்குவெட்டியை எடுத்தேன். சின்னையாவின் கொட்டையில் அது வழுக்கிக் கீறியது. மீண்டும் அழுத்தியும் இறங்கவில்லை. களங்கண்டிக் கொட்டையை வைத்து அழுத்தினேன். இரண்டாய்ப் பிளந்தது. உள்ளே நரம்பு நரம்பாக மண்ணிறம். பாக்கு. அப்போதுதான் முந்தின கிழமை வத்தைத் தோணியில் சரக்கு ஏற்றும்போது கொட்டைப்பாக்குச் சாக்கு ஒன்று கிழிந்து கடலில் விழுந்ததும், அதை நானே பதிவில் எழுதியதும் நினைவு வந்தன. நாட்குறிப்பைத் திறந்து, நேரத்தைக் குறித்து, கண்டதை மூன்று வரியில் எழுதினேன். மை காயும்வரை தாளை விரித்து வைத்தேன். பிறகு பாதிகளைக் கையில் எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன்.

நான் போனபோது சின்னையா ஒரு தோணியின் விளிம்போடு முழங்காலில் இருந்தார். துடுப்பால் அடித்ததில் இடத் தோள் இறங்கித் தொங்கியது. வாய்க்குள் கொட்டையைத் திணித்து உதைத்திருந்தார்கள். முன்பற்கள் மணலில் கிடந்தன. வலக்கையைத் தோணிப் பலகையில் விரித்து ஒருவன் மிதித்திருந்தான். திருக்கைமீன் வெட்டும் கத்தி ஏற்கனவே ஒருமுறை இறங்கியிருந்தது. நான் கத்தினேன். கத்தினேனா என்பதும் இப்போது நிச்சயமில்லை. இரண்டாம் வெட்டில் கை மணிக்கட்டோடு போயிற்று. இரத்தம் பலகையில் வழிந்து தோணிக்குள் செத்துக் கிடந்த மீன்களின் மேல் விழுந்தது.

பிளந்த பாதிகளைச் சம்மாட்டியாரின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் வாயில் மென்றுகொண்டிருந்த வெற்றிலை பாக்கை உள்ளங்கையில் துப்பி அதையும் பார்த்தார். ஒருவன் தன் சால்வையை அவிழ்த்துச் சின்னையாவின் கையைக் கட்டினான். மிதித்திருந்தவனே அவன்.

அந்தக் கிழமைக்குள் மற்றக் களங்கண்டிகளிலும் மீன் செத்தது. அங்கே ஒரு கொட்டையும் கிடக்கவில்லை. வெயிலில் தண்ணீர் கொதித்ததுதான் காரணம் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். பொலிஸ் விசாரணையில் சின்னையா ஒருவருடைய பெயரையும் சொல்லவில்லை. ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்து என்னிடம் மட்டும் கேட்டார்.

“தம்பி, வெட்டிப் பாத்தனியோ?”

“ஓம்.”

“எப்ப?”

நான் கட்டில் விரிப்பின் மடிப்பை இழுத்துச் சரிசெய்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. பிற்காலத்தில் கொட்டிலுக்கு வரும்போதெல்லாம் இடக்கையால் இந்தக் கொட்டையை எடுத்து, பெருவிரலால் கீறலைத் தடவி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் நட்டவற்றில் ஒன்று மட்டும் முளைத்து இரண்டு ஓலையோடு நிற்கிறது.

நேற்று அந்தப் பழைய நாட்குறிப்பை எடுத்தேன். மூன்று வரியும் திருத்தமாக, ஓர் அடித்தலும் இல்லாமல் இருந்தன. கடிகாரத்தை முன்னால் வைத்து, அதே வரிகளை அதே நிதானத்தில் ஒரு தாளில் எழுதி, மை காயும்வரை காத்திருந்தேன். நான்கு நிமிஷம். கொட்டிலிலிருந்து அந்தத் தோணி கிடந்த இடத்துக்கு ஓடினால் மூன்று நிமிஷம். தாளைக் கிழித்துவிட்டு, கொட்டையை மைக்கூட்டுக்கு வலப்புறம், கீறல் மேலே தெரியும்படி, திரும்ப வைத்தேன்.