கதைக்காகக் கடல் பார்க்கப் போனேன்

குஞ்சு, உன்னைக் கதைக்குள் ரயிலேற்றிவிட்டு, இறக்கிவிட வழி தெரியாமல் நின்றேன். அதற்காகத்தான் இன்று கடலோர ஊரான ஜொகூர் பாருவுக்குப் போய்வந்தேன். போக நினைக்கிறவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் லாயாங் லாயாங் பக்கம். காலையில் ரப்பர் மரப் பட்டையை வெட்டி முடித்ததும், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் நிறையும்வரை பெண்கள் நிழலில் உட்காருவோம். என் ஒன்பது வயது மகள் குஞ்சு காய்ச்சலில் போனபிறகு, அந்த நேரத்தில்தான் கதை சொல்லத் தொடங்கினேன். கதையில் அவளுக்குக் காய்ச்சல் தெளிந்துவிடும். கடல் பார்க்க ரயிலேறுவாள். அதற்குள் பால் எடுக்க மணி அடித்துவிடும். அதுவும் நல்லதுதான். இங்கேயே பிறந்தவள் நான், கடலைக் கண்டதில்லை; அதைச் சொல்லத் தெரியாது.

இப்போது பக்கத்து வீட்டுப் பேச்சியின் ஐந்து வயது மகனும் அதே காய்ச்சலில் போய்விட்டான். அவள் சோற்றைத் தொடவில்லை. கதை நேரத்தில் மட்டும் தலை நிமிர்ந்தாள்.

"அக்கா, எம் பயலையும் அந்த ரயில்ல ஏத்துங்க. ஆனா எறங்கிட்டான்னு சொல்லணும். நடுவுல விட்டுறாதீங்க."

கங்காணியிடம் லீவு கேட்டேன்.

"கதைக்கு லீவா? நாளைக்கு மரமும் லீவு கேக்கும்."

"அது கேட்டா அதுக்கும் குடுங்க. இப்ப எனக்குச் சொல்லுங்க," என்றேன். அன்றைய கூலி இல்லை என்று சொல்லித்தான் விட்டார்.

காலை ரயிலில் எதிரே ஒரு பாய், துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஜொகூர் பாருவில் கடை வைத்திருப்பவர். எதற்குப் போகிறேன் என்று கேட்டார், சொன்னேன். கதையில் பெரிய அலை வந்து பிள்ளைகளைத் தோளில் தூக்கும் என்றேன். அது, கப்பலில் வந்த என் அம்மா சொன்ன அலை.

"அட அலமாக், அந்த அலையெல்லாம் எங்க ஊர்ல இல்லம்மா. கொளம் மாதிரி கெடக்கும். அந்தாண்ட சிங்கப்பூர் தெரியும்." பிறகு அவரே கேட்டார்: "அஞ்சு வயசுப் புள்ளயப் பெரியவங்க யாரும் இல்லாம அனுப்புறீங்களே. ரயில் படி ஒசரம். யாரு கையப் புடிச்சு எறக்குவா?"

அடுத்த ஸ்டேஷனில் ரயில் நின்றபோது அந்தப் படியை எட்டிப் பார்த்தேன்.

ஸ்டேஷனிலிருந்து கடல் நடக்கிற தூரம்தான். தட்டில் ஊற்றி உறையவிட்ட ரப்பர்ப் பால்போல அசையாமல் கிடந்தது. முதலில் ஏமாற்றம்தான். காலை நனைத்துக்கொண்டு நின்றபோது, இந்தத் தண்ணீரில் பிள்ளைகளை விடப் பயமில்லை என்று தோன்றியது. அலையைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன்.

போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போங்கள். கரையில் சேறு; கல் இருக்கும் இடமாகப் பார்த்து இறங்குங்கள். திரும்பும் ரயிலை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். நான் விசாரிக்காமல் சாயங்காலம்வரை ஸ்டேஷனில் கிடந்தேன்.

அங்கே உட்கார்ந்துதான் மீதிக் கதையைக் கட்டினேன். நாளைக்கு மணி அடிக்குமுன் பேச்சியிடம் சொல்லி முடித்துவிடுவேன். ரயில் நிற்கும். நீ முதலில் குதிப்பாய், திரும்பி நின்று பேச்சி மகனைக் கைபிடித்து இறக்குவாய். துறுதுறுப்பான பயல், தண்ணீரைக் கண்டால் கையை உதறிக்கொண்டு ஓடுவான். குஞ்சு, நீ அவனைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாயா?