விஜயதசமி அன்று எழும்பாத கம்ப்யூட்டர்

விஜயதசமி காலை ஒன்பதேகாலுக்கு எங்கள் கம்பெனிக் கம்ப்யூட்டர் எழும்ப மறுத்தது. பத்து மணிக்கெல்லாம் ஒரு மனிதருடைய வேலைக்கு உலை வந்துவிட்டது. அடுத்த இரண்டு நாள் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

சகோதரிகளே, வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜையில் என்னைப் பேசச் சொல்லி எத்தனையோ முறை கேட்டீர்கள். "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று நழுவிக்கொண்டே வந்தேன். காரணம் வெட்கம்தான். மீனாட்சி அம்மன் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் நான் அடித்த கூத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே! சரி, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

போன வருடம், எண்பத்தெட்டில் நடந்தது. கப்பலூரில் பம்புக்கு வால்வு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். கொஞ்ச நாளில் அங்கே கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பத்து நாள் பயிற்சி கொடுத்து என்னையே அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். பழங்காநத்தத்தில் எங்கள் தெருவில் எனக்கு வந்த மவுசு இருக்கிறதே, கேட்காதீர்கள். அந்த ஒரு பெட்டிக்காகவே ஏசி அறை கட்டினார்கள். மேனேஜர் சாரே செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அந்தக் கம்ப்யூட்டர் தானாக எழும்பாது. சிஸ்டம் பிளாப்பி என்று ஒன்றை அதன் வாயில் சொருக வேண்டும். கறுப்பாக, சதுரமாக, அப்பளம் மாதிரி மெல்லிசாக இருக்கும். அது உள்ளே போனால்தான் திரையில் எழுத்து வரும். எங்களிடம் அப்படி மூன்று இருந்தன. ஒன்று தினமும் புழங்குவது. இன்னொன்று என் மேசை டிராயரில். மூன்றாவது மேனேஜர் சாரின் பீரோவில் பூட்டிக் கிடந்தது.

புதன்கிழமை ஆயுத பூஜை. லேத் மிஷினிலிருந்து ஸ்பேனர் வரைக்கும் துடைத்துப் பொட்டு வைத்தோம். எலக்ட்ரீஷியன் பிச்சை அண்ணன் ஏசி அறை வாசலைச் சுற்றி சீரியல் செட் விளக்கு போட்டிருந்தார். அவர் அவனியாபுரத்துக்காரர். மூன்று வருடமாக டெம்பரவரி. தீபாவளிக்குள் நிரந்தரமாக்குகிறோம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் அறையில் பொட்டு வைக்கிற வேலை எனக்கு. மேனேஜர் சார் கற்பூரத் தட்டோடு நின்று, "எல்லாத்துக்கும் வைம்மா, ஒண்ணையும் விட்டுறாத" என்றார். விடுவேனா நான்? ஒன்றையும் விடவில்லை.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து, எல்லோரும் சுற்றி நிற்க, பிளாப்பியைச் சொருகி சுவிட்சைத் தட்டினேன். உள்ளே மின்விசிறி சுற்றியது. திரை வெளிச்சமானது. சிவப்பு விளக்கும் எரிந்தது. அப்புறம் 'டர்ர், டர்ர்' என்று அரைக்கிற சத்தம். சிஸ்டத்தைக் காணோம், வேறு பிளாப்பி போடு என்று ஒரு வரி வந்து நின்றது. டிராயரில் இருந்ததை எடுத்துப் போட்டேன். அதற்கும் அதே அரைப்பு, அதே வரி. மூன்றாவதைக் கேட்டேன். மேனேஜர் சார் தரவில்லை.

"அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அதையும் நீ தொலைச்சிட்டன்னா நான் எங்க போவேன்?" என்றார்.

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. கம்ப்யூட்டர் விற்ற சென்னைக் கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டார்கள். ஆள் வர ஒரு வாரம் ஆகும் என்று பதில் வந்தது. மேனேஜர் சாரின் கோபம் அப்படியே பிச்சை அண்ணன் பக்கம் திரும்பியது.

"ஏய்யா பிச்சை, சீரியல் செட்ட எந்த பிளக்குல சொருகுன?"

"இந்தச் செவுத்துல இருக்கதுலதான் சார். ஆனா கரண்டு நல்லாத்தான போகுது? உள்ள ஃபேன் சுத்துதுல்ல?"

"நீ எனக்குப் பாடம் எடுக்காத! வயரக் கண்ட எடத்துலயும் சொருகி மிஷின நாசம் பண்ணிட்ட. சனிக்கிழமையோட நின்னுக்க. திங்கக்கிழமை இந்தப் பக்கம் வரக் கூடாது."

பிச்சை அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். கரண்டில் கோளாறு என்றால் திரை எப்படி எரியும்? அதை நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் வேலையில் உறுதியாகாதவள்தான். அவர் இல்லையென்றால் அடுத்தது நான்தான் என்ற பயம். தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பாவத்தை மறைக்க மாட்டேன்.

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க பயிற்சி நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வயரைக் கழற்றி மாட்டினேன். வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தேன். ம்ஹூம், அசையவே இல்லை. சாயங்காலம் பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே மீனாட்சி கோயிலுக்கு நடந்தேன்.

சந்நிதியில் கூட்டமான கூட்டம். அம்மனின் முகத்தைப் பார்த்ததும் உடைந்துவிட்டேன். "தாயே, நான் வாயை மூடிக்கிட்டு நின்னுட்டேன். அந்த மனுசனுக்கு நாலு பிள்ளைங்க. அவர் வேலை போகக் கூடாது. எனக்கு ஒரு வழி காட்டு" என்று கதறினேன். பக்கத்தில் நின்றவர்கள் எனக்கு ஏதோ கல்யாணத் தடை என்று நினைத்திருப்பார்கள்.

குங்குமம் வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மிச்சக் குங்குமத்தை நம்மில் பலர் செய்கிற மாதிரி தூணிலிருந்த சிலையின் இடுக்கில் தட்டிவிட்டேன். அவ்வளவுதான், பின்னாலிருந்து பிடித்தது ஏச்சு. துடைப்பமும் ஈரத்துணியுமாக ஒரு அக்கா.

"ஏத்தா, ஒனக்குப் பொட்டு வச்சாச்சுல்ல? பெறகு தூணுக்கு எதுக்கு? இண்டு இடுக்கு பூராம் இப்பிடித் தட்டிவிட்டா நாங்க எம்புட்டு நேரந்தான் நோண்டுறது? மேல போடுறது பூராம் உள்ளதான போயி அடைக்கிது!"

சொல்லிக்கொண்டே ஈர்க்குச்சியில் துணியைச் சுற்றி அந்த இடுக்கைக் குடைந்தார். காய்ந்த சந்தனமும் குங்குமமும் கட்டி கட்டியாக வந்தன. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் தப்பு எனக்குப் பிடிபட்டுவிட்டது.

ஏனென்றால் புதன்கிழமை நான் சிஸ்டம் பிளாப்பியை உறையிலிருந்து எடுத்து, தாம்பாளத்தில் வைத்து, மூன்று விரலால் ஈரச் சந்தனம் பூசி, அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தேன். மிஷினுக்கே உயிர் கொடுக்கிற பொருளாயிற்றே, அதற்கு இல்லாத பொட்டா! பிளாப்பியின் நடுவே நீளமாக ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியாகத்தான் மிஷின் அதைப் படிக்கும். பொட்டு அதில் இறங்கியிருக்கிறது. மறுநாள் அதை அப்படியே சொருகினேன். மிஷினின் படிக்கிற முனையில் சந்தனம் அப்பிக்கொண்டது. இரண்டாவது பிளாப்பியையும் அந்த முனைதான் கீறிக் கெடுத்தது. மூன்றாவதை மேனேஜர் சார் கொடுத்திருந்தால் அதுவும் போயிருக்கும். அவர் கையை அன்று பூட்டி வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அந்த அக்காவின் காலில் விழப் போனேன். "ஏய், என்னத்தா இது, கிறுக்கா ஒனக்கு?" என்று விலகிப் போய்விட்டார்.

சனிக்கிழமை எட்டு மணிக்கே கம்பெனியில் நின்றேன். முதலில் பிச்சை அண்ணனிடம்தான் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் முகம் சிவந்துவிட்டது.

"ரெண்டு நாளா எங்க வீட்ல யாரும் ஒழுங்கா சாப்பிடல, தெரியுமா ஒனக்கு? காரணம் தெரிஞ்சது நேத்துத்தான், சரி. ஆனா கரண்டு நல்லாத்தான் இருக்குன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

தேம்பி அழுதேன். அதைப் பார்த்து, "சரி, அழுகாத. வா, மேனேஜர்ட்ட போவம்" என்றார்.

மேனேஜர் சார் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாத்துக்கும் வைன்னா, அதுக்கின்னு பிளாப்பிக்குமாம்மா வைப்ப?" என்றார். ஆனால் சொன்ன வாய் அவருடையதாயிற்றே, அதற்கு மேல் திட்ட முடியவில்லை. மறுபடி சென்னைக்கு டிரங்க் கால். "ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான துணியால் மெதுவாகத் துடையுங்கள். முழுக்கக் காயும் வரை எதையும் சொருகாதீர்கள்" என்றார்கள்.

பிச்சை அண்ணன்தான் திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட் எடுத்தேன். அவர் தொட்டுத் தொட்டுத் துடைக்க, துணி மஞ்சளும் சிவப்புமாக வந்தது. ஒரு மணி நேரம் காயவிட்டோம். மேனேஜர் சார் பீரோவைத் திறந்து கடைசிப் பிளாப்பியை என் கையில் கொடுத்தார். 'மீனாட்சி!' என்று மனதுக்குள் கூப்பிட்டுச் சொருகினேன். அரைக்கிற சத்தம் இல்லை. மெல்ல ஒரு 'டிக் டிக்'. திரையில் எழுத்து வந்தது. உயிர் வந்துவிட்டது.

நான் அதோடு விடவில்லை. "சார், பிச்சை அண்ணன் மேல தப்பில்லன்னு எல்லாருக்கும் முன்னால நீங்க சொல்லணும். தப்பு என்னோடதுன்னு நானும் சொல்றேன்" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம்! லேத்துகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, எல்லோர் முன்னாலும் அவர் சொன்னார். நானும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். என் வேலை போகவில்லை. பிச்சை அண்ணனுக்குத் தீபாவளிக்கு முன்னால் நிரந்தர ஆர்டர் வந்தது.

இப்போதும் எனக்குப் பயம் வரும். ஆனால் அடுத்தவர் மேல் பழி விழும்போது வாயை மூடிக்கொண்டு நிற்க முடிவதில்லை. அதை அவள் என்னிடமிருந்து எடுத்துவிட்டாள். உங்களுக்கும் ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டு நிற்கலாம். அவளிடம் போய், உங்கள் தப்பையும் மறைக்காமல் சொல்லி அழுங்கள். பதில் எந்த ரூபத்தில் வந்தாலும், ஏச்சாகவே வந்தாலும், காது கொடுத்துக் கேளுங்கள்.

கம்ப்யூட்டர் எழும்பியதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை நன்றி சொல்லக் கோயிலுக்குப் போனேன். பிச்சை அண்ணனும் மனைவியோடு வந்திருந்தார். "இந்தா, இதுதான் பிளாப்பிக்குப் பொட்டு வச்ச புள்ள" என்று காட்டினார். அவர் மனைவி என்ன சொல்வாரோ என்று கூசிப்போய் நின்றேன். அவர் தன் கையிலிருந்த குங்குமத்தை என் நெற்றியில் வைத்தார். "இங்கதாண்டி வைக்கணும்" என்றார்.